ரோஜாவுக்கு மீன் கரைசல்: நான் செய்யும் முறை

ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டு வாசலில் ஏழு ரோஜாத் தொட்டிகள் இருக்கின்றன. குளிரான கேமரன் மலையிலிருந்து வாங்கி வருகிற செடிகள் முதல் மாதம் பூத்துவிட்டு, பினாங்கு வெக்கையில் இலை சிறுத்து அப்படியே நின்றுவிடும். போதாததற்கு, கொட்டுகிற மழை தொட்டி மண்ணில் இருக்கிற சத்தையும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. அதனால் இங்கே ஒரே தடவையில் நிறைய உரம் போடுவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுப்பதுதான் சரி. எனக்குக் கைகொடுத்தது, மீன் கழிவை வெல்லத்தோடு புளிக்கவைத்து எடுக்கிற, தமிழ்நாட்டு விவசாயிகள் மீன் அமிலம் என்று சொல்கிற கரைசல்.

சந்தையில் மீன் வெட்டுகிறவரிடம் முதல் நாளே சொல்லிவைத்தால் தலை, குடல் எல்லாம் எடுத்து வைப்பார். கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன் கழிவு நன்றாகக் கரையும். கருவாடு, உப்பிட்ட மீன் வேண்டாம். இனிப்புக்கு வெல்லம், இல்லாவிட்டால் குலா மேரா என்கிற பழுப்புச் சர்க்கரை. குலா மெலாக்கா என்கிற தென்னை வெல்லம் பாயசத்துக்கே இருக்கட்டும். உரத்துக்கு அவ்வளவு விலை கொடுக்க வேண்டாம்.

கழிவைச் சின்னதாக நறுக்கி, நீரை நன்றாக வடித்துவிட்டு, தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். 1 கிலோ மீனுக்கு 1 கிலோ வெல்லம். இங்கேதான் நான் முதல் தடவை தவறினேன். ‘சம அளவு’ என்றார்களே என்று கிண்ணத்தால் அளந்தேன். பொடித்த வெல்லம் கிண்ணம் நிறைய இருந்தாலும் எடை குறைவு. மீனிலோ கழுவிய தண்ணீர் வேறு தேங்கி நின்றது. ஐந்தாம் நாள் துணியை விலக்கினால், மேலே புழு நெளிகிறது, நாற்றம் தாங்க முடியவில்லை. மொத்தத்தையும் குழி தோண்டிப் புதைத்தேன். வெல்லம் போதுமான அளவு இருந்தால் மீனிலிருக்கும் நீரை இழுத்துக்கொள்ளும், அழுகவைக்கும் கிருமிகளையும் வளரவிடாது. குறைந்தால் அழுகல்தான். எடை சரியாக இருந்தால் மறுநாள் காலையிலேயே பழுப்புப் பாகு ஊறி நிற்பதைப் பார்க்கலாம்.

கலந்ததை வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவில் முக்கால் பங்கு மட்டும் நிரப்பி, மேலே விரல் கனத்துக்கு வெல்லத்தைப் பரப்புங்கள். திருகு மூடி போட்ட கண்ணாடி ஜாடி வேண்டவே வேண்டாம், வாயு சேர்ந்து வெடிக்கலாம். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து ரப்பர் பேண்டால் இறுக்கினால் ஈ நுழையாது. நிழலில் ஒரு மாதம். மீன் வாடை போய்ப் புளித்த வெல்லப்பாகு போல மணந்தால் தயார். வடிகட்ட டீ வடிகட்டி உதவாது, உடனே அடைத்துக்கொள்ளும். கொசுவலைத் துண்டு போதும். சக்கையைப் புதைத்து மேலே செங்கல் வையுங்கள், இல்லாவிட்டால் பூனை தோண்டிவிடும்.

அப்புறம், அளவு. 1 லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி மட்டும். ஊசியில்லாத மருந்துச் சிரிஞ்சு ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன், கண்ணளவை நம்புவதில்லை. ஒருமுறை காய்ந்த மண்ணில், உச்சிவெயிலில், மூடி நிறைய ஊற்றிக் கலந்துவிட்டேன். நான்கே நாளில் இலை ஓரமெல்லாம் கருகி அப்பளம் போல நொறுங்கியது. ஒரு செடி போயே போய்விட்டது. இப்போது முதலில் வெறும் தண்ணீர் விட்டு மண்ணை நனைத்து, பிறகு தொட்டிக்கு இப்படிக் கலந்த தண்ணீர் அரை லிட்டர், மாலையில், 10 நாளுக்கு ஒருமுறை. மழை வருகிற அறிகுறி தெரிந்தால் மறுநாளுக்குத் தள்ளிவைப்பேன்.

பின்சேர்க்கை: இதைச் செய்து பார்த்த ஒரு தோழி, இலை தளதளவென்று இருக்கிறது, மொட்டே இல்லை என்றார். மீனில் இலையை வளர்க்கிற தழைச்சத்துதான் (நைட்ரஜன்) அதிகம். அவர் தொட்டிக்கு வெயிலும் மூன்று மணி நேரம்தான் கிடைத்தது. ரோஜாவுக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். வெயிலுக்கு மாற்றச் சொன்னேன். சாம்பல் சத்துக்கு (பொட்டாசியம்), வாழைப்பழத் தோலைப் பொடியாக நறுக்கி, தண்டை ஒட்டாமல் இரண்டு அங்குல ஆழத்தில் மண்ணுக்குள் புதைக்கச் சொன்னேன்.

இன்னொன்று, தொட்டிக்கடியில் தட்டு வைத்திருந்தால் ஊற்றிய பிறகு தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு முட்டையிட அந்தக் கொஞ்சத் தண்ணீரே போதும்.