ஜெராக்ஸ் கடையில் ஆஃபீஸ் மெயில்: டேபை மூடினால் வெளியே வந்துவிட்டோமா?

பாஸ்வேர்டைத் தப்பாக அடிப்பது, கேப்ஸ் லாக்கை மறப்பது, 'ரிப்ளை ஆல்' அழுத்தி அசடு வழிவது எல்லாம் ஒருமுறை பட்டால் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடலாம். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் பிரவுசரில் ஆஃபீஸ் மெயிலைத் திறக்கும்போது செய்கிற வேறு சில தவறுகள் இருக்கின்றன. நம்மில் பலரும் ஒரு காலத்தில் செய்தவைதான். செய்த அன்று எதுவும் ஆகாது என்பதால் யாரும் பாடம் கற்பதில்லை.

'பாஸ்வேர்டைச் சேமிக்கவா?'

அடுத்தவர் கணினியில், எப்போதும், 'வேண்டாம்'.

டேபை மூடுவது லாக் அவுட் ஆகாது

இது இன்னும் எரிச்சலூட்டுகிற தவறு. வாரம் தவறாமல் யாராவது ஒருவர் செய்கிறார்.

பைக் லோனுக்கு மூன்று மாத பே ஸ்லிப் வேண்டும். பையன் பேங்க் வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குள் நுழைகிறான்.

"அண்ணா, இதுல மெயில் ஓப்பன் பண்ணிக்கட்டா?"

"பண்ணிக்கப்பா. கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா?"

லாகின் செய்கிறான். போனுக்கு வந்த ஓடிபியைப் போடுகிறான். 'சைன் இன் ஆகவே இருக்கட்டுமா?' என்று ஒரு பெட்டி வருகிறது, படிக்காமல் 'யெஸ்' கொடுக்கிறான். மூன்று பிடிஎஃப் டவுன்லோடு, மூன்று பிரிண்ட், காசு. டேபின் மூலையில் உள்ள பெருக்கல் குறியைத் தட்டிவிட்டுக் கிளம்புகிறான்.

கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். யார் யாருடையதோ ஆதார் நகல், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, ரெஸ்யூமே. அவற்றுக்கு நடுவில் அவனுடைய பே ஸ்லிப் மூன்று. பான் எண், பிஎஃப் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும்.

அதைவிடப் பெரிய சங்கதி பிரவுசருக்குள் இருக்கிறது. லாகின் ஆனதும் மெயில் சர்வர் பிரவுசரிடம் குக்கீ என்ற சிறு அடையாளத் துண்டைக் கொடுக்கிறது. கோயிலில் செருப்பு விடும் இடத்தில் தரும் டோக்கன் மாதிரி. யார் நீட்டினாலும் செல்லும். அந்தக் குக்கீ உயிரோடு இருக்கும்வரை பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது. டேபை மூடினால் பக்கம்தான் மறைகிறது, குக்கீ அங்கேயே கிடக்கும். பிரவுசரையே முழுதாக மூடினாலும் நம்ப முடியாது. 'யெஸ்' கொடுத்திருந்தால் குக்கீ தங்கிவிடும். குரோமில் 'விட்ட இடத்திலிருந்து தொடர்' என்ற அமைப்பு போட்டிருந்தாலும் அப்படித்தான். அடுத்து வருகிறவர் தன் மெயிலைத் திறக்கப் போய், நேராக உங்கள் இன்பாக்ஸில் இறங்குவார்.

நல்ல வழி, அங்கே லாகின் செய்யாமலிருப்பது. ஆஃபீஸ் அனுமதித்திருந்தால் போனிலேயே மெயிலைத் திறந்து, வேண்டிய பிடிஎஃபை மட்டும் இறக்கி, அதை மட்டும் கடைக்கு அனுப்புங்கள். அதற்குப் பாஸ்வேர்டு இருந்தால் நீங்களே தட்டச்சு செய்யுங்கள், கத்திச் சொல்ல வேண்டாம். பென் டிரைவும் உதவும், ஆனால் திரும்பி வரும்போது வைரஸோடு வரலாம்.

வேறு வழியே இல்லையென்றால்:

1. கன்ட்ரோல், ஷிஃப்ட், N மூன்றையும் சேர்த்து அழுத்தி மறைநிலைச் சாளரம் (இன்காக்னிட்டோ) திறங்கள் (ஃபயர்ஃபாக்ஸில் N-க்குப் பதில் P). ஏற்கெனவே ஒரு மறைநிலைச் சாளரம் திறந்திருந்தால் முதலில் அதை மூடச் சொல்லுங்கள். எல்லா மறைநிலைச் சாளரங்களுக்கும் ஒரே குக்கீ டப்பாதான்.
2. 'சைன் இன் ஆகவே இருக்கட்டுமா', 'இந்தக் கணினியில் மறுபடி கேட்காதே' இரண்டுக்கும் மறுப்பு.
3. முடிந்ததும் வலது மேல் மூலையில் உங்கள் படம் இருக்கும் வட்டம், அதில் 'சைன் அவுட்'. பிறகு எல்லாச் சாளரங்களையும் மூடுங்கள். சாதாரணச் சாளரத்தில் ஜிமெயில் திறந்திருந்தால் சைன் அவுட்டுக்குப் பிறகும் உங்கள் முகவரி பட்டியலில் நிற்கும். 'கணக்கை நீக்கு' கொடுத்து அதையும் எடுங்கள்.
4. டவுன்லோட்ஸில் உங்கள் கோப்புகளைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்டோடு டெலீட். வெறும் டெலீட் கொடுத்தால் ரீசைக்கிள் பின்னில் இருக்கும். மறைநிலைச் சாளரம் டவுன்லோடு ஆன கோப்புகளைத் தொடவே தொடாது, பலருக்கு இது தெரிவதில்லை.

கடைக் கணினியில் விசைப்பலகையை ஒட்டுக்கேட்கும் மென்பொருள் இருந்தால் இந்த நான்கும் பாஸ்வேர்டைக் காப்பாற்றாது.

மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தாகிவிட்டதா? ஜிமெயில் என்றால் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் 'உங்கள் சாதனங்கள்' பட்டியலுக்குப் போய் அந்தக் கணினியை வெளியேற்றுங்கள். கணினியில் திறந்தால் இன்பாக்ஸின் அடியில் வலது ஓரத்தில் பொடி எழுத்தில் 'டீட்டெயில்ஸ்' இருக்கும், அதில் மற்ற எல்லா அமர்வுகளையும் மூடலாம். அவுட்லுக் என்றால் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் 'சைன் அவுட் எவ்ரிவேர்'. அது உடனே வேலை செய்யாது, ஒரு மணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகலாம். பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். கடைசியாக, மெயில் அமைப்புகளில் 'ரூல்ஸ்', 'ஃபார்வர்டிங்' இரண்டையும் பாருங்கள். உள்ளே புகுந்தவர்கள் 'இன்வாய்ஸ்' என்ற சொல் உள்ள மெயில்களை யாரும் திறக்காத ஃபோல்டருக்குத் தள்ளும் ரூல் ஒன்றைப் போட்டுவிட்டுப் போவது வழக்கமான தந்திரம். பாஸ்வேர்டு மாறினாலும் ரூல் மாறாது. ஐடி ஆட்களிடமும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பத்து நாள் கழித்துச் சொல்வதுதான் திட்டு வாங்கித் தரும்.

சொந்த மெயிலும் ஆஃபீஸ் மெயிலும் ஒரே பிரவுசரில்

ஜிமெயில் முகவரிப் பட்டையில் 'யு' என்ற எழுத்தை அடுத்து 0 அல்லது 1 இருக்கும். முதலில் லாகின் ஆன கணக்குக்கு 0. மேனேஜர் அனுப்பிய டிரைவ் லிங்கைத் தட்டினால் அது பல நேரம் அந்த 0 கணக்கில்தான் திறக்கும். அது உங்கள் சொந்தக் கணக்காக இருந்தால் 'அனுமதி தேவை' என்று வரும். நீங்கள் அனுமதி கேட்பீர்கள், அவசரத்தில் மேனேஜரும் கொடுத்துவிடுவார். கம்பெனிக் கோப்பு இப்போது உங்கள் சொந்த ஜிமெயிலுக்குப் பகிரப்பட்டிருக்கிறது. ஆடிட்டில் இது வரும்போது இருவருக்கும் நினைவிருக்காது.

குரோமிலும் எட்ஜிலும் (மெயில் பக்கத்தில் அல்ல) பிரவுசரின் மேல் ஓரத்தில் உள்ள வட்டத்தை அழுத்தித் தனி ப்ரொஃபைல் உருவாக்கி, ஆஃபீஸ் வேலையை அதில் மட்டும் வையுங்கள். இரண்டுக்கும் வேறு வேறு நிறம் கொடுத்தால் கண்ணே எச்சரிக்கும். ஆஃபீஸ் ப்ரொஃபைலில் வீட்டு கரண்ட் பில் பாஸ்வேர்டைச் சேமிக்காதீர்கள். வேலையை விடும் நாளில் அதுவும் சேர்ந்து போகும்.

எக்ஸ்டென்ஷன்கள்

பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் இந்தச் சிறு மென்பொருள் 'எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்டால், அதில் உங்கள் மெயிலும் அடக்கம்.

பூட்டுப் படம் இருக்கிறதே என்று நம்புவது

முகவரிப் பட்டையில் வரும் பூட்டுக்கு ஒரே அர்த்தம்தான்: வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. எதிரில் இருப்பவர் யார் என்று அது சொல்லாது. போலி லாகின் பக்கத்துக்கும் பூட்டு கிடைக்கும். இந்தக் குழப்பத்தாலேயே 2023 செப்டம்பரில் வந்த குரோம் 117 அந்தப் பூட்டை எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது.

முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். புள்ளியால் பிரிந்த கடைசி இரண்டு துண்டுகள்தான் உண்மையான வீட்டு எண் (முடிவில் 'கோ.இன்', 'கவ்.இன்' போல வந்தால் மூன்று). முன்னால் 'மைக்ரோசாஃப்ட்' என்று எத்தனை முறை எழுதியிருந்தாலும் பொருட்டில்லை. உங்கள் சொந்தக் கணினியில் எப்போதும் தானாக நிரம்பும் பாஸ்வேர்டு திடீரென்று நிரம்பவில்லையா? கையால் அடிக்காதீர்கள், முகவரியைப் பாருங்கள். ஓடிபி இருக்கிறதே என்றும் தைரியம் வேண்டாம். போலிப் பக்கம் நீங்கள் போடும் ஓடிபியை அந்த நொடியே அசல் பக்கத்துக்குக் கடத்தி, மேலே சொன்ன டோக்கனைத் தான் வாங்கிக்கொள்ளும்.

ஜிமெயில் ஆஃப்லைன்

இணையம் இல்லாதபோதும் மெயில் படிக்க உதவும் வசதி இது. பொதுக் கணினியில் இதை இயக்கினால் 7, 30 அல்லது 90 நாள் மெயில் அந்த ஹார்ட் டிஸ்கிலேயே உட்காரும். இயக்குவதானால் உங்கள் லேப்டாப்பில் மட்டும்.