தெரு அடிபம்புகளை வரைபடத்தில் ஏற்றலாம்: கியூஜிஐஎஸ் முதல் பாடம்

வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் எங்கள் பக்கம் தண்ணீர் மூன்று வழியில் வருகிறது. மெட்ரோ வாட்டர் குழாயில் சேர்ந்த அடிபம்பு, போர் போட்ட அடிபம்பு, லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும் கறுப்புத் தொட்டி. "உங்க ஏரியாவுலதான் தண்ணி வசதி இருக்கே" என்று யாராவது சொன்னால், எங்கே இருக்கிறது, எந்த வீட்டிலிருந்து எத்தனை தூரம், அது நல்ல தண்ணீரா உப்பா என்று திருப்பிக் கேட்கத் தோன்றும். இந்தக் கேள்விகளுக்கு வாயால் பதில் சொன்னால் வாக்குவாதம்தான் மிஞ்சும். ஒரு தாளில் வரைபடமாக நீட்டினால் பேச்சு வேறு மாதிரி போகும். அந்த வரைபடத்தைக் கியூஜிஐஎஸ் என்ற கணினி மென்பொருளில் நீங்களே செய்யலாம். எக்செல் திறந்து பழகியிருந்தால் போதும்.

புவியியல் தகவல் முறைமை, சுருக்கமாக ஜிஐஎஸ் என்றால் என்ன? சுவரில் மாட்டும் வரைபடம் வெறும் படம். ஜிஐஎஸ்ஸில் ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது. வரியைத் தேர்ந்தெடுத்தால் வரைபடத்தில் அந்தப் புள்ளி மஞ்சளாகும். பம்பு போன்றவை புள்ளி, தெருவும் கால்வாயும் கோடு, வார்டு எல்லை பரப்பு. இவை தனித்தனி லேயர்களாக ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்.

கணினி வருவதற்கு முன்பே இந்த யோசனை இருந்தது. 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளையும் தெருக் கைப்பம்புகளையும் ஒரே வரைபடத்தில் குறித்தார். இறப்புகள் பிராட் ஸ்ட்ரீட் பம்பைச் சுற்றியே குவிந்திருந்தன. இரண்டு லேயர், ஒரு கேள்வி, அவ்வளவுதான். நாமும் அதையேதான் செய்யப் போகிறோம்.

படி 1: மென்பொருள்

கியூஜிஐஎஸ் என்பது இலவசமான, திறந்த மூல மென்பொருள். 2002இல் கேரி ஷெர்மன் தொடங்கியது. இன்று உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வளர்க்கிறார்கள். அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். 'லாங் டெர்ம்' என்று குறித்த பதிப்பை எடுங்கள், அதில் கோளாறு குறைவு. கோப்பு பெரியது, மொபைல் டேட்டாவில் முயல வேண்டாம்.

படி 2: அடித்தளம்

திறந்து புதிய புராஜெக்ட் ஒன்றைத் தொடங்குங்கள். இடப்பக்கம் 'பிரவுசர்' பலகையில் 'எக்ஸ்ஒய்இசட் டைல்ஸ்' என்பதை விரித்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மேல் இரண்டு முறை சொடுக்குங்கள். உலக வரைபடம் வரும். வங்காள விரிகுடா ஓரமாகச் சென்னைக்கு வந்து, துறைமுகத்துக்கு மேலே ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை என்று நகர்ந்து உங்கள் தெருவைப் பிடியுங்கள். புராஜெக்டை இப்போதே சேமித்துவிடுங்கள்.

படி 3: தெருவில் இறங்குவது

இதுதான் உண்மையான வேலை, இதில் அவசரப்படாதீர்கள். முதலில் நான்கு தெரு போதும். ஒவ்வொரு பம்பின் பக்கத்திலும் நின்று, போனில் வரைபடச் செயலியைத் திறந்து, நிற்கும் இடத்தை விரலால் அழுத்திப் பிடியுங்கள். கொருக்குப்பேட்டை என்றால் 13.1 என்றும் 80.2 என்றும் தொடங்கும் இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கமாவது எழுதுங்கள். நான்காவது இலக்கத்தில் ஒன்று கூடினால் தரையில் ஏறத்தாழ 11 மீட்டர் நகர்கிறது. அதாவது எதிர்ச் சாரிக்குப் போய்விடலாம். ஐந்தாவது இலக்கத்தில் அது ஒரு மீட்டர்தான். சந்துக்குள் இருபக்கமும் மாடி வீடு என்றால் போன் தடுமாறும். அங்கே கொஞ்சம் நின்று, நீலப் புள்ளி அடங்கியபிறகு எழுதுங்கள்.

எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். குடத்தோடு நிற்கும் அக்காக்களிடம் கேளுங்கள்: "இதுல நல்ல தண்ணி வருதாக்கா? எத்தினி மணிக்கு?" ஒரு பம்பு கம்பீரமாக நிற்கும், மூன்று மாதமாக உப்புத் தண்ணீர் என்பார்கள். கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாவது இங்கே புதிதல்ல. அது உங்கள் அட்டவணையில் வராவிட்டால் வரைபடம் பொய் சொல்லும்.

படி 4: அட்டவணை

எக்செல்லில் ஐந்து பத்தி: எண், வகை, நிலை, அட்சம், தீர்க்கம். நிலை என்ற பத்தியில் 'நல்லது', 'உப்பு', 'ஓடவில்லை' என்ற மூன்றே சொற்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரியில் 'உப்பு', இன்னொன்றில் 'உப்புத் தண்ணி' என்று எழுதினால் மென்பொருள் அவற்றை இரண்டு வகையாக எண்ணும்.

சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். சிஎஸ்வி என்பது அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் கோப்பு, யூடிஎஃப்-8 என்பது தமிழ் எழுத்தையும் சரியாகச் சேமிக்கும் குறியீட்டு முறை. சாதாரண சிஎஸ்வியில் சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். நான் முதல் முறை ஒரு நாள் முழுக்கச் சேர்த்த விவரம் அப்படித்தான் போனது.

படி 5: உள்ளே கொண்டுவருவது

மேலே 'லேயர்' மெனு, அதில் 'ஆட் லேயர்', அதில் 'ஆட் டெலிமிட்டட் டெக்ஸ்ட் லேயர்'. உங்கள் கோப்பைக் காட்டுங்கள். 'என்கோடிங்' என்ற இடத்தில் யூடிஎஃப்-8 இருக்கிறதா பாருங்கள். கீழே எக்ஸ், ஒய் எவை என்று கேட்கும். எக்ஸ் என்பது தீர்க்கரேகை, ஒய் என்பது அட்சரேகை. போன் காட்டும் வரிசைக்கு இது நேர்மாறு, புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம். மாற்றிப் போட்டால் கொருக்குப்பேட்டை பம்புகள் வட துருவத்துப் பக்கம், ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே கடலில் போய் உட்காரும். புள்ளிகளைக் காணோம் என்றால் முதலில் இதைச் சரிபாருங்கள். 'சிஆர்எஸ்' என்பது இடத்தை எண்ணால் குறிக்கும் முறை, ஒவ்வொரு முறைக்கும் ஈபிஎஸ்ஜி என்ற எண் உண்டு. அந்த இடத்தில் ஈபிஎஸ்ஜி 4326 என்று வையுங்கள்.

படி 6: டிகிரியை மீட்டராக்குவது

4326 என்பது பூமியை உருண்டையாகவே வைத்து டிகிரியில் அளக்கும் முறை. போன் தருவது அதுதான். ஆனால் 'பம்பிலிருந்து 100 மீட்டர்' என்று டிகிரியில் கேட்க முடியாது. உருண்டையின் ஒரு துண்டைத் தட்டையாக்கி மீட்டரில் அளக்கும் முறைக்கு மாற வேண்டும். உலகை மண்டலம் மண்டலமாகப் பிரித்து அப்படி அளப்பதுதான் யூடிஎம். சென்னைக்கு அது யூடிஎம் 44 வடக்கு, ஈபிஎஸ்ஜி எண் 32644. கிழக்கு 78 முதல் 84 டிகிரி வரை இந்த மண்டலம். கோவையில் இருந்து படிப்பவர்களுக்கு 43, அதாவது 32643.

லேயர் பெயர்மேல் வலது சொடுக்கு, 'எக்ஸ்போர்ட்', 'சேவ் ஃபீச்சர்ஸ் ஆஸ்'. கோப்பு வகை ஜியோபேக்கேஜ் (லேயர்களைச் சேமிக்கும் கோப்பு), சிஆர்எஸ் 32644. சிஎஸ்வியாக இருக்கும்வரை உள்ளே திருத்தவும் முடியாது, இந்த ஒரே வேலையில் அதுவும் தீர்கிறது. பலரும் ஷேப்ஃபைல் என்ற பழைய வகையைச் சொல்வார்கள். அதில் பத்தியின் பெயர் 10 பைட்டுக்கு மேல் போகாது. ஒரு தமிழ் எழுத்துக்குறியே 3 பைட் எடுக்கும், பெயர் பாதியில் வெட்டுப்படும். தமிழில் வேலை செய்ய ஜியோபேக்கேஜே நல்லது.

படி 7: நிறம்

புது லேயரின் 'பிராபர்ட்டீஸ்', 'சிம்பாலஜி', 'கேட்டகரைஸ்டு'. பத்தியாக நிலையைத் தேர்ந்து 'கிளாஸிஃபை' அழுத்துங்கள். நல்லதுக்கு நீலம், உப்புக்குப் பழுப்பு, ஓடாததற்குச் சிவப்பு என்று வைத்தேன்.

படி 8: வட்டம் போடுவது

முதலில் நல்ல தண்ணீர் வரும் பம்புகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். அட்டவணையைத் திறந்து அந்த வரிகளைச் சொடுக்கினால் போதும். அப்புறம் 'வெக்டர்' மெனுவில் 'ஜியோபிராசஸிங் டூல்ஸ்', 'பஃபர்'. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் நாம் சொல்லும் தூரத்துக்கு வட்டம் போடும் கருவி இது. தேர்ந்தெடுத்தவை மட்டும் என்ற பெட்டியைக் குறியுங்கள், தூரம் 100, அலகு மீட்டர். அலகு டிகிரி என்று காட்டினால் பழைய லேயரை எடுத்துவிட்டீர்கள் என்று பொருள். 'டிஸால்வ்' பெட்டியையும் குறித்தால் வட்டங்கள் ஒன்றாகச் சேரும். வந்த பரப்பைப் பாதி ஒளிபுகும்படி வைத்துவிட்டு, எந்தத் தெரு வெளியே நிற்கிறது என்று பாருங்கள். எல்லாப் பம்புக்கும் ஒருமுறை, நல்ல தண்ணீருக்கு மட்டும் ஒருமுறை போட்டுப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் அறையும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பஃபர் வட்டம் பறவை போகும் தூரம். கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ யாரும் பறந்து தண்ணீர் பிடிப்பதில்லை. நடுவில் ரயில் தண்டவாளம் ஓடுகிறது, பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் 60 மீட்டரில் இருக்கும் பம்பு இந்தப் பக்கத்து வீட்டுக்கு 'வசதி'யாக வரைபடத்தில் விழும். கேட் மூடியிருக்கும்போது இடுப்பில் குடத்தோடு நிற்பவருக்கு அது எத்தனை தூரம் என்று வட்டத்துக்குத் தெரியாது.

அதனால் 'லேயர்' மெனுவில் 'கிரியேட் லேயர்' போய், கோட்டு வகையில் இன்னொரு ஜியோபேக்கேஜ் லேயர் உருவாக்குங்கள். பென்சில் படத்தை அழுத்தி, அடித்தள வரைபடத்தைப் பார்த்துத் தண்டவாளத்தையும் கால்வாயையும் வரையுங்கள். வலது சொடுக்கினால் கோடு முடியும். கேட்டும் பாலமும் எங்கே என்று புள்ளியாகக் குறியுங்கள். பிறகு மேலே உள்ள அளவுகோல் கருவியால், வீட்டிலிருந்து கேட் வழியாகப் பம்பு வரை நடக்கும் பாதையைப் புள்ளி புள்ளியாகச் சொடுக்கி அளந்து பாருங்கள். அந்த எண்ணைத்தான் நான் மனுவில் எழுதுவேன்.

படி 9: தாளில்

'புராஜெக்ட்' மெனுவில் 'நியூ பிரிண்ட் லேஅவுட்'. 'ஆட் மேப்', 'ஆட் லெஜண்ட்', 'ஆட் ஸ்கேல் பார்', வடக்குக் குறி. தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். ஓரத்தில் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்று கட்டாயம் போடுங்கள், அவர்கள் உழைப்பின்மேல்தான் நம் புள்ளிகள் நிற்கின்றன. விவரம் எடுத்த தேதியையும் எழுதுங்கள். பிடிஎஃப்பாக்கி ஏ3 தாளில் அச்செடுங்கள்.

முதல் அச்சை எங்கும் கொடுக்க வேண்டாம். பம்படியில் காலையில் ஒட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். "இது போன வாரமே போச்சு", "எங்க சந்தக் காணோம்" என்று எழுதுவார்கள். சாயந்தரம் அதை எடுத்துவந்து, லேயரில் பென்சிலை அழுத்தி, அந்த வரிகளைத் திருத்தி, தேதியை மாற்றி மறுபடி அச்செடுங்கள்.