ப்ரோக்ராம் உள்ளேர்ந்தே எவ்ளோ மெமரி மிச்சம்னு பாக்குறது எப்படி

மஞ்சக்குப்பம் பக்கம் ஜெராக்ஸ் கடைங்கள்ல பத்திரத்த ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் ஆக்கி தர்றாங்க இல்லையா, அந்த மாதிரி வேலைக்கு சாஃப்ட்வேர் எழுதுறவங்க மெமரிய பாக்காம எழுதவே எழுதாதீங்க. ஏ4 பக்கம் ஒண்ணு 300 டிபிஐ கலர்ல 2480க்கு 3508 பிக்சல், பிக்சலுக்கு 3 பைட், ஆக ஒரு பக்கமே 26 எம்பி, 100 பக்கத்த ஒரே அடியா ஏத்துனா 2.6 ஜிபி போயிடும், கடைல இருக்குற 4 ஜிபி மெஷின் என்ன ஆகும் சொல்லுங்க.

லினக்ஸ்னா ப்ராக் ஃபோல்டர்ல மெம்இன்ஃபோன்னு ஒண்ணு இருக்கு, சாதா டெக்ஸ்ட் ஃபைல் மாதிரி ஓபன் பண்ணி படிக்கலாம். அதுல மெம்ஃப்ரீ வரிய நம்பாதீங்க, மெம்அவைலபிள் வரிய எடுங்க. சும்மா கெடக்குற ரேம்ல கெர்னல், அதாவது ஓஎஸ்ஸோட மையப் பகுதி, ஃபைல் கேஷ் (படிச்ச ஃபைலோட நகல்) போட்டு வச்சிருக்கும், யாராவது கேட்டா அதுல பெரும்பாலும் விட்டு குடுத்துடும், அந்த கணக்கு மெம்ஃப்ரீல வராது, அதனால நல்லா இருக்குற மெஷின்ல கூட மெமரி தீந்துபோன மாதிரி காட்டும். கெர்னல் 3.14, அதாவது 2014லேர்ந்து இந்த வரி இருக்கு. நம்பர் கேபில, அதாவது கிலோபைட்ல வரும், 1024ஆல பெருக்குனா பைட்.

விண்டோஸ்ல குளோபல்மெமரிஸ்டேட்டஸ்எக்ஸ் ஃபங்ஷன கூப்பிடுங்க, கூப்புடுறதுக்கு முன்னாடி அதுக்கு குடுக்குற ஸ்ட்ரக்சர்ல டிடபிள்யூலெங்த்ல அதோட சைஸ போட்டே ஆகணும், இல்லன்னா ஃபெயில் ஆயிடும். யுஎல்எல்அவைல்ஃபிஸ்ல பதில் இருக்கும். எக்ஸ் இல்லாத பழைய ஃபங்ஷன் 4 ஜிபிக்கு மேல ரேம் இருந்தா தப்பா சொல்லும், தொடாதீங்க.

பைத்தான்னா ஈஸி, பிஎஸ்யூடில் லைப்ரரில வர்ச்சுவல் மெமரின்னு கேட்டு அவைலபிள்ன்றத எடுத்தா ரெண்டு ஓஎஸ்லயும் வேலை செய்யும். டாக்கர் (ப்ரோக்ராம தனி பெட்டி மாதிரி கன்டெய்னர்ல ஓட்டுற டூல்) உள்ள ஓடுதுன்னா மட்டும் இது மொத்த மெஷினோட கணக்க தான் காட்டும், கன்டெய்னருக்கு லிமிட் வச்சிருந்தா சிகுரூப்போட (லினக்ஸ்ல அந்த லிமிட்ட வைக்கிற வசதி) மெமரி மேக்ஸ் ஃபைல பாருங்க.

கெடச்ச நம்பர் அந்த நொடிக்கு மட்டும் தான், அடுத்த நொடியே யாராவது க்ரோம்ல நாலு டேப் தொறப்பாங்க. அதனால பாதிக்கு மேல எடுக்காதீங்க, அந்த பாதிய எம்பிக்கு மாத்தி 26ஆல வகுத்து அத்தன பக்கம் ஏத்துங்க, எழுதி முடிச்சதும் விடுவிச்சுட்டு மறுபடியும் அளந்து அடுத்த செட். மால்லாக் (சி மொழில மெமரி கேக்குற ஃபங்ஷன்) சரின்னு சொல்லிடுச்சேன்னு தைரியமா இருக்காதீங்க, இல்லாத மெமரியையும் லினக்ஸ் சரின்னு குடுக்கும், நெஜமா எழுதும்போது தான் ப்ராசஸ கொல்லும். 32 பிட் ப்ரோக்ராம்னா விண்டோஸ்ல சாதாரணமா 2 ஜிபி தான் எல்லை, மெஷின்ல 8 ஜிபி காலியா இருந்தாலும் அந்த கணக்குல தான் பக்கத்த பிரிக்கணும்.