தகரக் கொட்டகைப் பட்டறையின் வெக்கையைக் குறைந்த செலவில் தணிக்கும் முறை

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்தில் இரும்புக் குழாய்க் கால்களை நட்டுத் தகரம் வேய்ந்த கொட்டகைகளிலே மரவேலை செய்வோர் பலர். பங்குனி பிறந்துவிட்டால், நண்பகலுக்குமேல் அவற்றின் உள்ளே நின்று உளி பிடிப்பது பெரும்பாடு. கையிருப்பு குறைவென்றால், சுவரை மறந்துவிட்டுப் பணம் முழுவதையும் கூரைக்கே செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உச்சி வெயிலைத் தாங்குவது கூரைதான். சூடேறிய தகரம் கீழே நிற்பவர் தலைமேல் வெப்பக் கதிர்களைப் பொழிகிறது, மின்விசிறி அவற்றைத் தடுப்பதில்லை.

முதல் வேலை கூரையை வெள்ளையாக்குவது. தகரத்தைக் கழுவிக் காயவிட்டு, துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுத்து, துத்தநாகப் பூச்சுத் தகரத்துக்கு உரிய பிரைமர் அடித்த பிறகு, கூரைக்கென விற்கும் வெள்ளைப் பெயின்ட்டை இரண்டு கை பூச வேண்டும். சுண்ணாம்பு மலிவுதான், ஆனால் வழுவழுப்பான தகரத்தில் அது நிலைக்காது. கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் என்றால் உலர்ந்த நிலையில் தேய்க்கவோ துளையிடவோ கூடாது. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

அடுத்தது அலுமினியப் படலம் ஒட்டிய பபிள் ஷீட், அதாவது காற்றுக் குமிழ்கள் கொண்ட பிளாஸ்டிக் விரிப்பு. பலர் இதைத் தகரத்தோடு ஒட்டவைத்துவிட்டு, பயனில்லை என்று நொந்துகொள்கிறார்கள். பளபளப்பான முகம் காற்றைப் பார்த்திருந்தால்தான் அது கதிர்வீச்சைத் தடுக்கும். தகரத்தைத் தொட்டால் சூடு நேரே அதன்மேல் ஏறிவிடும். ஆகவே தகரம் தாங்கும் சட்டங்களின் அடிப்பக்கத்தில் கம்பி இழுத்து, தகரத்துக்கும் ஷீட்டுக்கும் நடுவே குறைந்தது ஓர் அங்குல இடைவெளி இருக்கும்படி பொருத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளக்கும் ஷீட் கிடைத்தால் அந்தப் பக்கம் கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கி வைத்தால் தூசி படிந்து அதன் திறன் குறைந்துவிடும். வேலை முடிந்ததும் நண்பகலில் தலைக்குமேல் கையை உயர்த்திப் பாருங்கள். உள்ளங்கையில் முன்பு சுட்ட அனல் தணிந்திருப்பது உடனே தெரியும்.

இந்த ஷீட் மார்கழியிலும் உதவுகிறது. தெளிந்த இரவில் தகரம் வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். அதன் அடியில் கோத்த ஈரம் விடியலில் சொட்டி இழைப்புளியைத் துருப்பிடிக்கச் செய்யும். மூட்டுகளை நாடாவால் ஒட்டினால் உள்ளிருக்கும் ஈரக்காற்று தகரத்தை எட்டுவது பெரிதும் குறையும்.

சூடான காற்றுக்கு வெளியேற வழியும் வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் உயர்ந்த கூரையும் பல அடுக்காக வேய்ந்த நாட்டு ஓடும் வெயிலைத் தடுக்க, வளவு எனப்படும் திறந்த நடுமுற்றத்தின் வழியே வெப்பக் காற்று மேலேறிப் போய்விடுகிறது. கொட்டகையில் முகட்டை ஒட்டி ஒரு திறப்பும், எதிர்ப்புறச் சுவரின் அடியில் அதைவிடச் சிறிதாகாத திறப்பும் வைத்தால் அதே போக்கு கிடைக்கும். மேல்திறப்பின்மேல் மழைக்காப்புத் தகரம் ஒன்று நீட்டிவிடுங்கள்.

தெர்மாகோல் மலிவாகக் கிடைக்கும், ஆனால் வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில் அதை ஒருபோதும் மாட்டாதீர்கள். கூரைமேல் கீற்று வேய்வதும் அத்தகைய ஆபத்தே. பணம் மிஞ்சினால் மேற்குச் சுவருக்கு வெளியே ஓரடி தள்ளிப் பச்சை நிழல்வலை கட்டலாம்.