நீலமாக மின்னும் இலைவண்டுக்குப் பெயர் கண்டுபிடிப்பது எப்படி?

மழை பிடித்து நடவு தொடங்கியதும் இங்கே பர்மாவில் பெகு, தட்டோன் பக்கத்து நண்பர்களிடமிருந்து ஒரே மாதிரிப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். வாய்க்கால் ஓரத்துச் செடியில் நீலமாக மினுங்கும் ஒரு சின்ன வண்டு. கூடவே கேள்வி: "இது என்ன வண்டு, மருந்து அடிக்கலாமா?" ஆளுக்கு ஆள் பதில் எழுதி மாளவில்லை. என் வயல் வண்டுக்கு நான் பெயர் கண்டுபிடித்த வழியை அப்படியே இங்கே போட்டுவிடுகிறேன்.

பூச்சிக்கு ஆறு கால், வண்டின் முன்சிறகு கெட்டியான ஓடு என்பதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பாடம். அதற்குள் போகவில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிறத்தைக் கடைசியில் பாருங்கள். அந்த நீலம் சாயம் இல்லை. ஓட்டின் மெல்லிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது பிறக்கிற நிறம் அது. அதனால்தான் வண்டைச் சாய்த்துப் பிடித்தால் பச்சையாகிறது, ஊதாவாகிறது. ஒரே இனத்தில் ஒன்று நீலமாகவும் இன்னொன்று பச்சையாகவும் இருக்கும். சம்பந்தமே இல்லாத வண்டுகள் ஒரே நீலத்தில் இருக்கும்.

வேண்டிய சாமான்கள்

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று. 20 மடங்கு வாங்கலாமே என்று ஆசை வரும், வாங்காதீர்கள். கை லேசாக ஆடினாலே வண்டு கண்ணிலிருந்து நழுவிவிடும். போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் இருந்தால் படத்துக்கு உதவும். மலிவான யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்பை நான் யாருக்கும் சொல்வதில்லை, வண்டைப் பார்க்கும் நேரத்தைவிட அதோடு மல்லுக்கட்டும் நேரம்தான் அதிகம். அப்புறம் வெள்ளைப் பீங்கான் தட்டு, மில்லிமீட்டர் ஸ்கேல், மெல்லிய பெயிண்ட் பிரஷ், மூடி போட்ட சின்ன டப்பாக்கள். சுண்ணாம்பு டப்பாவைக் கழுவிக் காயவைத்தால் அதுவே போதும்.

வெறும் விரலால் பிடித்து நசுக்காதீர்கள். நம் வயல்களில் பீடரஸ் ஃபுசிப்பிஸ் என்று ஒரு பூச்சி உண்டு. ஒல்லியான ஆரஞ்சு உடம்பு, நடுவில் நீலமாக மின்னும் குட்டைச் சிறகு. நசுங்கினால் அதன் உடல் நீர் பட்ட இடம் கொப்பளிக்கும். இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். மேலே வந்து உட்கார்ந்தால் ஊதித் தள்ளுங்கள், அடிக்காதீர்கள்.

முதல் படி: செடியைப் படம் எடுங்கள்

வண்டுக்கு முன்னால் செடி. இலைவண்டுகளில் பெரும்பாலானவை கண்ட செடியையும் தின்பவை அல்ல. அதனால் எந்தச் செடியில் இருந்தது, இலையைக் கடித்துக்கொண்டிருந்ததா, சும்மா உட்கார்ந்திருந்ததா என்பது பாதிப் பதில். இலை, பூ, முழுச்செடி மூன்றையும் எடுங்கள். நான் பார்த்த வண்டு நீர்க்கிராம்புச் செடியில் இருந்தது. வயலிலும் வாய்க்காலிலும் நாலு இதழ் மஞ்சள் பூப் பூக்குமே, அந்தக் களைதான். இலை முழுக்கச் சல்லடையாகத் துளைத்திருந்தது.

இரண்டாம் படி: வண்டை அசையாமல் வையுங்கள்

டப்பாவோடு ஃபிரிட்ஜில் பத்து நிமிடம். ஃப்ரீஸரில் இல்லை, கீழ்த்தட்டில். மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் இருப்பவர்கள் ஐஸ் கட்டி மேல் டப்பாவை வைக்கலாம். குளிரில் மரத்துப்போன வண்டு சிறிது நேரம் தட்டில் அப்படியே கிடக்கும். வேலை முடிந்ததும் அதே செடியில் விட்டுவிடலாம்.

மூன்றாம் படி: பாதத்தில் கணுக்களை எண்ணுங்கள்

நான் அதிக நேரம் செலவழித்தது இங்கேதான். எனக்குக் கேள்வி அனுப்புகிறவர்களும் இங்கேதான் நிற்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இலைவண்டுக் குடும்பத்தின் பெயர் கிரைசோமெலிடே. இதன் பாதத்தில் ஐந்து கணு உண்டு என்று புத்தகம் சொல்லும். நீங்கள் எண்ணினால் நாலுதான் வரும். புத்தகமும் சரி, உங்கள் கண்ணும் சரி. மூன்றாவது கணு அகலமாக, இரண்டு மடலாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவுக்குள் நாலாவது கணு மிகச் சிறிய வளையமாக ஒளிந்திருக்கும். அதற்கு மேல் நீண்டு, நகத்தோடு தெரிவது ஐந்தாவது.

மேலிருந்து பார்த்தால் இது தெரியாது. பிரஷால் வண்டை மெதுவாகப் புரட்டிப் போடுங்கள். வெளிச்சம் நேராக விழாமல் பக்கவாட்டில் விழட்டும். முதலில் மூன்றாம் கணுவின் அடிப்பக்கத்தைத் தேடுங்கள், அடர்ந்த மயிர் இருக்கும். வழுக்கும் இலையை வண்டு பற்றிக்கொள்வது அதனால்தான். பிறகு நீண்ட கடைசிக் கணுவின் அடிப்பகுதிக்கு லென்ஸை நகர்த்துங்கள். அங்கே ஒரு முடிச்சு மாதிரி தெரிந்தால் அதுதான் நாலாவது. தெரியாவிட்டாலும் கவலை இல்லை. இரண்டு மடலான மூன்றாம் கணு தெளிவாக இருந்து, மொத்தம் நாலு எண்ண முடிந்தால் மேலே போகலாம். பின்கால் பாதம் படத்தில் நன்றாக விழும், அதை எடுங்கள்.

நீள்கொம்பு வண்டுக்கும் கூன்வண்டுக்கும் இதே பாதம் உண்டு. ஆனால் அவற்றைக் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். முதலாவதற்குக் கொம்பு, அதாவது தலையிலுள்ள உணர்கொம்பு, பெரும்பாலும் உடம்பு நீளத்தையே தொடும், இரண்டாவதற்கு முகம் மூக்காக நீண்டிருக்கும்.

*பின்சேர்க்கை:* மோல்மீன் அக்கா ஒருவர் கேட்டிருந்தார். கருவாட்டு மூட்டையில் நீல வண்டு, கால் சிவப்பு, பாதத்தில் நாலு கணு, இதுவும் இலைவண்டா என்று. இல்லை அக்கா. அது நெக்ரோபியா ரூஃபிப்ஸ், க்ளெரிடே குடும்பம். கருவாடு, கொப்பரை, உலர்ந்த இறைச்சி எதையும் விடாது. அதற்கும் நாலாம் கணு ஒளிந்துதான் இருக்கும், அதனால் பாதத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. கொம்பைப் பாருங்கள். அதற்கு நுனி தடித்து உருண்டிருக்கும், உடம்பில் நிமிர்ந்த மயிர் நிற்கும். நம் நீல இலைவண்டுக்குக் கொம்பு நூலாக, பதினொரு கணுவோடு, நுனி வரை கிட்டத்தட்ட ஒரே தடிமனில் போகும்.

நாலாம் படி: எந்தத் துணைக்குடும்பம்?

இப்போது முகத்துக்கு நேரே லென்ஸைப் பிடியுங்கள். இரண்டு கொம்பும் முளைக்கும் இடங்கள் கண்களுக்கு நடுவே நெருங்கியிருந்தால் காலெருசினே. ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருந்தால் கிரைசோமெலினே அல்லது யூமோல்பினே. எருக்கஞ்செடியில் இருக்கும் பெரிய நீல வண்டு பிளாட்டிகோரைனஸ் யூமோல்பினேயில் சேரும், சர்க்கரைவள்ளி இலை தின்னும் கோலாஸ்போசோமாவும் அப்படித்தான். தலைக்கும் சிறகுக்கும் நடுவிலுள்ள மார்புத் தகடு சிறகைவிட நன்றாகக் குறுகி, பக்க விளிம்பே இல்லாமல் உருளையாக இருந்தால் கிரையோசெரினே. கானாவாழையில் கிடைக்கும் லெமா இந்த வகை.

உடம்பெல்லாம் முள்ளாக இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம். நெல் முள்வண்டு, டிக்லாடிஸ்பா ஆர்மிகெரா. கருநீலம், காசிடினே.

காலெருசினே என்று வந்தால் பின்தொடையைப் பாருங்கள். மற்றக் கால்களைவிடத் தெளிவாகப் பருத்திருந்தால் துள்ளுவண்டு. அந்தத் தொடைக்குள் சுருள்வில் போன்ற உறுப்பு ஒன்று இருக்கிறது, துள்ளும் விசை அதிலிருந்துதான். புல்நுனியால் தொட்டுத் துள்ளுகிறதா என்று சிலர் பார்ப்பார்கள். குளிரவைத்த வண்டு துள்ளாது, அதை வைத்து இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: பேரினம்

என் வண்டு சுமார் 5 மில்லிமீட்டர். பின்தொடை பருத்திருந்தது. மார்புத் தகட்டில், சிறகை ஒட்டிய பக்கத்தில், குறுக்கே ஒரு பள்ளக்கோடு ஓடியது. சிறகில் சின்னக் குழிகளாக நுண்புள்ளிகள் வரிசை கட்டாமல் கலைந்து கிடந்தன. துள்ளுவண்டில் இவையெல்லாம் சேர்ந்தால் அல்டிகா பேரினத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பள்ளக்கோட்டைப் பார்க்க வண்டின் பின்னாலிருந்து தாழ்வாக டார்ச் அடியுங்கள், நிழல் விழுந்து கோடு எடுப்பாகத் தெரியும்.

ஆறாம் படி: இனம்

ஆன்லைனில் படத்தைப் போட்டதும் செயலி உடனே 'அல்டிகா சயானியா' என்று சொல்லும். நீர்க்கிராம்பில் இருந்தால் அது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவிலிருந்து பர்மா, தென்சீனா வரை நீர்க்கிராம்பு தின்னும் நீல அல்டிகா அதுதான். ஆனால் பர்மாவில் வேறு அல்டிகாக்களும் உண்டு, நம் நாட்டுப் பெயரையே தாங்கிய அல்டிகா பிர்மானென்சிஸ் உட்பட. வெளித்தோற்றத்தில் இவை அச்சு அசல் ஒன்றுபோலத்தான் இருக்கும். உறுதியாகப் பிரிப்பது ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை வைத்து. அதற்குச் செத்த வண்டை வெந்நீரில் ஊறவைத்து, வயிற்று நுனியிலிருந்து மெல்லிய ஊசியால் அந்த உறுப்பை வெளியே எடுக்க வேண்டும். முன்கால் பாதத்தின் முதல் கணு அகலமாக இருந்தால் ஆண். ஆரம்பத்தில் இது வேண்டாம் என்பது என் கருத்து. படம் மட்டும் இருந்தால் 'அல்டிகா' என்று பேரினத்தோடு நிறுத்துங்கள். செடியும் தெரிந்தால் 'அல்டிகா சயானியாவாக இருக்கலாம்' என்று எழுதுங்கள். உயிரினப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பேரினத்தோடு நிறுத்திய பதிவு ஒன்றும் குறைந்ததில்லை.

புத்தகம் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினங்கள் பற்றிய பழைய ஆங்கில வரிசையில் பர்மாவும் சேர்ந்திருக்கிறது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. லெமா, எருக்கு வண்டு போன்றவை ஜேகபி எழுதிய 1908 தொகுதியில். முள்வண்டு, ஆமைவண்டு மௌலிக்கின் 1919 தொகுதியில். துள்ளுவண்டுகள் அவருடைய 1926 தொகுதியில், மற்ற காலெருசினே 1936இல். தேடும்போது பழைய பெயர்களைப் போடுங்கள். அல்டிகா அங்கே 'ஹால்டிகா', பிளாட்டிகோரைனஸ் அங்கே 'கோரினோடஸ்'. துள்ளுவண்டுகளைத் தனித் துணைக்குடும்பமாக வைத்திருப்பார்கள், இப்போது அவை காலெருசினேக்குள் வந்துவிட்டன. இடப்பெயர்களும் பெகு, தெனாசரிம் என்று பழையபடிதான், நம் தாத்தாமார் சொன்ன மாதிரியே இருக்கும். 1885 முதல் 1889 வரை லியோனார்டோ ஃபேயா என்ற இத்தாலியர் பர்மாவில் ஏராளமான பூச்சிகளைச் சேகரித்தார். அவர் பெயர் அந்தப் பக்கங்களில் அடிக்கடி வரும். அவர் சேகரித்தவை இன்றும் ஜெனோவா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஏழாம் படி: குறிப்பு எழுதுங்கள்

ஊர், மாவட்டம், தேதி, செடி, பிடித்தவர் பெயர். வண்டைப் பத்திரப்படுத்தினால் இந்தச் சீட்டு அதோடு அதே டப்பாவில் இருக்க வேண்டும். பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் மை ஸ்பிரிட்டில் கரைந்துபோகும்.

*பின்சேர்க்கை 2:* மருந்து அடிக்கலாமா என்று இன்னும் கேட்கிறீர்கள். துள்ளுவண்டு நீர்க்கிராம்பில் இருந்தால் அடிக்காதீர்கள். அது நெல்லைத் தொடாது, களையைத்தான் தின்கிறது. நெல் இலையில் நீளவாக்கில் வெள்ளைக் கோடு கோடாகச் சுரண்டியிருந்தால் அது முள்வண்டின் வேலை. அப்போது லென்ஸை எடுத்து முள் இருக்கிறதா என்று பாருங்கள்.