லினக்ஸ் பொதிச் சிக்கல்: கடைசி வரியில் பெயர் வந்ததெல்லாம் குற்றவாளி அல்ல

டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் கணினிகளில் மென்பொருள் பொதிகளின் (பேக்கேஜ்) மேம்படுத்தல் பாதியில் நின்றால், கட்டளைகளை இடும் முனையத்தில் பிழைகள் மளமளவென்று கொட்டும். பலரும் கடைசி வரியைப் பார்த்து, அதில் பெயர் வந்த பொதியை நீக்குவதும் மறுபடி நிறுவுவதுமாக மல்லுக்கட்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும்.

இந்தக் கணினிகளில் பொதிகளை நிறுவும் கருவியான டிபிகேஜி இரண்டு படிகளில் வேலை செய்கிறது. முதலில் பொதியைப் பிரித்துக் கோப்புகளை உரிய இடத்தில் வைக்கும். பிறகு அதன் அமைவை முடிக்கும். இந்த இரண்டாம் படியில் ஒரு பொதி இடறினால், அதைச் சார்ந்த பொதிகள் எல்லாம் அமைவு முடியாமல் காத்துக்கிடக்கும். புலம்புபவை பத்து, இடறியது ஒன்றே. எனவே மேலே போய் முதல் பிழையைத் தேடுங்கள். காரணம் பல சமயம் அற்பமாக இருக்கும்: வட்டு நிரம்பியிருக்கும், ஏதோ ஒரு சேவை தொடங்க மறுத்திருக்கும், அல்லது நாமே திருத்திய அமைவுக் கோப்பில் ஓர் எழுத்துப்பிழை. அதைச் சரிசெய்துவிட்டு, அமைவு முடியாத எல்லாப் பொதிகளுக்கும் டிபிகேஜியின் 'கன்ஃபிகர்' தெரிவை ஓட்டினால் மற்றவை வரிசையாக முடிந்துவிடும். ஒரு பொதிக்குத் தேவையான சார்புப் பொதியே கணினியில் இல்லை என்றால், பொதிகளைச் சார்புகளோடு தருவிக்கும் ஆப்ட் கருவியின் 'ஃபிக்ஸ் புரோக்கன்' கைகொடுக்கும்.

பொறுமை இழந்து, சார்பு இல்லாவிட்டாலும் நிறுவவைக்கும் டிபிகேஜியின் 'ஃபோர்ஸ்' தெரிவுகளைப் பயன்படுத்துவது அடுத்த தவறு. பொதி நிறுவப்பட்டதாகப் பதிவாகும். சார்பு மட்டும் வந்திருக்காது. அதன்பின் சம்பந்தமில்லாத எதை நிறுவப் போனாலும் ஆப்ட் இந்தப் பழைய கணக்கைத் தீர்க்கச் சொல்லி மறித்துக்கொண்டே இருக்கும்.

ஒரே நேரத்தில் இரண்டு நிரல்கள் பொதிகளில் கைவைக்காமல் தடுக்கும் பூட்டுக் கோப்பை அழிப்பதும் அப்படித்தான். பின்னணியில் தானியங்கி மேம்படுத்தல் ஓடிக்கொண்டிருக்கலாம். இரண்டு நிரல்கள் ஒரே தரவுத்தளத்தில் எழுதினால் சிக்கல் இரட்டிப்பாகும். எந்த நிரல் பூட்டை வைத்திருக்கிறது என்று பார்த்து, அது முடியும்வரை காத்திருங்கள்.

ஆப்ட் கேட்கும் உறுதிப்படுத்தும் கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு சம்மதிக்காதீர்கள். 'நீக்கப்படும்' பட்டியலைப் படிக்காமல் நான் ஒருமுறை சம்மதித்தேன்; மறுதொடக்கத்துக்குப் பிறகு மேசைச் சூழலே இல்லை, வெறும் கறுப்புத்திரை.

பொதிகளுக்கிடையே வரும் முரண்பாட்டின் வேர் பெரும்பாலும் வெளிக் களஞ்சியங்களில், அதாவது வெளியாரின் பொதிச் சேமிப்பிடங்களில், இருக்கிறது. நிலையான டெபியனில் வேறு பதிப்பின் பொதிகளைக் கலப்பதற்கு 'ஃபிராங்கன்டெபியன்' என்றே அந்தச் சமூகம் பெயர் வைத்திருக்கிறது. எந்தப் பதிப்பு எங்கிருந்து வந்தது என்பதை ஆப்டின் 'பாலிசி' கட்டளை காட்டிக்கொடுக்கும்.

பைத்தான் மொழியின் நூலகங்களை அதன் சொந்த நிறுவல் கருவியான பிப் வழியாகக் கணினி முழுவதற்கும் நிறுவுவதை 2023இல் வெளிவந்த டெபியன் 12 தடுக்கிறது. மீறுவதற்கான தெரிவின் பெயரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' (கணினிப் பொதிகளை உடை). இதற்கு மேல் எப்படி எச்சரிப்பது? கணினியின் பைத்தானைத் தொடாத தனி மெய்நிகர் சூழல் ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

மேம்படுத்தலின்போது, நீங்கள் திருத்திய அமைவுக் கோப்பை வைத்துக்கொள்வதா, புதியதை ஏற்பதா என்று டிபிகேஜி கேட்கும். 'டி' என்ற எழுத்தை அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும். அவசரத்தில் புதியதை ஏற்றுவிட்டாலும் பழைய கோப்பு அழியாது. அதே கோப்புறையில் 'டிபிகேஜி-ஓல்டு' என்ற பின்னொட்டோடு இருக்கும்.