பிஸ்டலைக் காலி செய்வது எப்படி? வரிசை மாறினால் என்ன ஆகும்?

தோட்டாக்கள் அடுக்கிய மேகசினை உருவிவிட்டால் பிஸ்டல் காலி என்று நினைப்பது புதிதாகப் பழகுபவர்கள் அதிகம் செய்யும் தவறு. மேகசின் கைக்கு வந்த பிறகும் குழலின் பின்முனையில் உள்ள சேம்பரில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கலாம். மேகசின் இல்லாவிட்டால் சுடாதபடி தடுப்பு வைத்த மாடல்கள் சில உண்டு. பெரும்பாலானவற்றில் அது கிடையாது. அதனால் சுடக் கற்றுக்கொள்வதற்கு முன்பே காலி செய்யப் பழக வேண்டும். போலீஸ் பயிற்சியானாலும், லைசென்ஸ் வாங்கிய தனிநபரானாலும் இதில் மாற்றமில்லை. இங்கே சொல்வது செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலுக்கு, அதாவது சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகைக்கு. ரிவால்வர் பற்றிப் பின்னால் பார்ப்போம். படித்துவிட்டுத் தனியாக முயற்சி செய்ய வேண்டாம், முதல் சில தடவை பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கட்டும்.

கையில் எடுக்கும் முன்

ஆள்காட்டி விரல் டிரிக்கர் கார்டுக்கு (டிரிக்கரைச் சுற்றியுள்ள வளையம்) வெளியே, பிஸ்டலின் உடற்சட்டமான ஃபிரேமின் பக்கவாட்டில் நீட்டியபடி ஒட்டியிருக்க வேண்டும். கார்டின் விளிம்பில் தொங்கவிட்டால் போதாது. கால் தடுக்கினாலோ திடுக்கிட்டாலோ கை தானாக இறுகும். ஒரு கை எதையாவது பலமாகப் பிடித்து இழுத்தால் மற்றக் கையும் கூடவே இறுகும். இடது கையால் கதவை இழுக்கும் காவலரின் வலது கையில் துப்பாக்கி இருப்பதை நினைத்துப் பாருங்கள். சர்வீஸ் பிஸ்டல்கள் பலவற்றில் டிரிக்கரை அழுத்த இரண்டரை கிலோ அளவு விசையே போதும். இறுகும் கைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அடுத்தது, குழல் பார்க்கும் திசை. பலகைத் தடுப்பையும் மெல்லிய கதவையும் 9 மிமீ குண்டு துளைத்துக்கொண்டு போய்விடும். கூரைக்கு மேல் ஆள் இருக்கலாம். கல் தரையில் பட்ட குண்டு திரும்பிப் பாயலாம். ஆயுத அறைகளில் இதற்காகவே குழலை நீட்டிக் காலி செய்ய மணல் நிரப்பிய பீப்பாய் வைத்திருப்பார்கள். சுடும் பயிற்சி இடமான ரேஞ்சில் என்றால் இலக்குக்குப் பின்னால் உள்ள மண்மேடு.

காலி செய்யும் வரிசை

1. குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டே மேகசின் பட்டனை அழுத்தி மேகசினை வெளியே எடுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வேலையைத் தொடங்க வேண்டாம்; மேஜையிலோ பையிலோ வையுங்கள்.

2. ஸ்லைடின் (பிஸ்டலின் மேல் முன்னும் பின்னும் நகரும் பகுதி) பின்பகுதியை இடது கையால் மேலிருந்து பற்றுங்கள். பின்னால் இழுக்கும் அதே நேரத்தில் வலது கையால் ஃபிரேமை முன்னால் தள்ளினால் பலம் குறைவாகவே தேவைப்படும். ஸ்லைடு அசையவே இல்லையா? சுடாமல் தடுக்கும் சேஃப்டி போட்டிருந்தால் சில மாடல்களில் ஸ்லைடு பூட்டிக்கொள்ளும். குழலின் திசை மாறாமல் சேஃப்டியை எடுத்துவிட்டு இழுங்கள்.

3. தோட்டா வெளியே வந்தால் தரையில் விழட்டும். அதைப் பிடிக்க உள்ளங்கையால் வெளியேறும் திறப்பை மூடுபவர்கள் இருக்கிறார்கள். பார்க்கச் சாமர்த்தியமாகத் தெரியும், ஆனால் ஆபத்து. கை தடுப்பதால் தோட்டா வெளியே போக முடியாமல் திரும்பி, அதன் அடியில் உள்ள, அடிபட்டால் தீப்பற்றும் பிரைமர், தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டரின் முனையில் மோதினால் உள்ளங்கைக்குக் கீழேயே வெடிக்கும்.

4. இன்னும் இரண்டு தடவை இழுத்து விடுங்கள். ஒவ்வொரு தடவையும் தோட்டா வந்துகொண்டே இருந்தால் மேகசின் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

5. ஸ்லைடைப் பின்னால் நிறுத்திப் பூட்டி, சேம்பரையும் மேகசின் நுழையும் குழியையும் கண்ணால் பாருங்கள். பிறகு சுண்டுவிரலை விட்டு சேம்பரைத் தடவுங்கள். தோட்டாவின் விளிம்பைக் கவ்வி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் தேய்ந்தோ உடைந்தோ இருந்தால் ஸ்லைடு மட்டும் பின்னால் வரும், தோட்டா உள்ளேயே தங்கிவிடும். எத்தனை முறை இழுத்தாலும் அது வராது, பார்த்தால்தான் தெரியும்.

6. முகத்தைத் திருப்பி ஒரு விநாடி வேறு எங்காவது பாருங்கள். பிறகு ஐந்தாவது படியைத் திரும்பச் செய்யுங்கள். இன்னொருவர் இருந்தால் அவரும் பார்க்கட்டும்.

இப்போது வரிசையை மாற்றிப் பாருங்கள். மேகசின் உள்ளே இருக்கும்போதே ஒருவர் ஸ்லைடை இழுக்கிறார். சேம்பரில் இருந்த தோட்டா வெளியே தெறிக்கிறது. ஸ்லைடு திரும்பும்போது மேகசினின் மேல் தோட்டாவைத் தள்ளி சேம்பரில் ஏற்றிவிடுகிறது. அதன் பிறகு அவர் மேகசினை உருவுகிறார். தோட்டா ஒன்று வெளியே விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டதால் காலி என்று உறுதியாக நம்புகிறார். கிளாக் போன்ற பிஸ்டல்களைக் கழற்றிச் சுத்தம் செய்யும் முன் டிரிக்கரை ஒருமுறை அழுத்தியாக வேண்டும். "காலித் துப்பாக்கி" வெடிப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

ரிவால்வரில்

தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையான சிலிண்டரைத் திறந்து, குழலை மேல்நோக்கி வைத்து, எஜெக்டர் கம்பியை உள்ளங்கையால் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். எல்லா அறைகளையும் எண்ணிப் பாருங்கள். சுடும்போது சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடுக்கிலிருந்து சூடான வாயு பக்கவாட்டில் சீறும். விரல் அதன் பக்கம் போகக் கூடாது.

ரேஞ்சில் ஏதாவது பிசகினால்

டிரிக்கரை அழுத்தி "டக்" என்ற சத்தம் மட்டும் வந்ததா? திருப்பிப் பார்க்காதீர்கள். குழலை இலக்கின் திசையிலேயே 30 விநாடி வைத்திருங்கள், தாமதமாக வெடிக்கலாம். அதன் பிறகு மேகசினை எடுத்து, ஸ்லைடை இழுத்து அந்தத் தோட்டாவை வெளியேற்றுங்கள். மோதல் சூழலில் போலீசார் மேகசினைத் தட்டி ஸ்லைடை உடனே இழுப்பது வேறு பாடம், ஆரம்பநிலையில் அதைக் கலக்க வேண்டாம்.

வழக்கத்தைவிட மெலிதாக "புஸ்" என்று கேட்டால் அதைவிட மோசம். வெடிமருந்து சரியாக எரியாமல் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த குண்டு அதில் மோதினால் குழல் பிளக்கும். சுடுவதை அங்கேயே நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து, பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள்.

துப்பாக்கி கைநழுவினால் விழட்டும். பாய்ந்து பிடிக்கும் விரல் டிரிக்கரில்தான் போய் மாட்டும்.

கண்ணாடியும் காதுக் கவசமும் கட்டாயம், பிஸ்டல் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். உள்ளரங்கில் காதுக்குள் பிளக், அதன் மேல் இயர்மஃப் என்று இரண்டும் போடலாம். சட்டைக் காலர் திறந்திருக்க வேண்டாம். சுட்ட தோட்டாவின் சூடான கூடு கழுத்துக்குள் விழுந்தால் ஆள் துள்ளித் திரும்புவார், துப்பாக்கியும் கூடவே திரும்பும். முடிந்ததும் சாப்பாட்டைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். விரல்களில் ஈயத்தூள் இருக்கும்.

வீட்டில் வெறும் துப்பாக்கியில் டிரிக்கர் பழகுபவர்கள் தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டுத் தொடங்க வேண்டும். பழகி முடித்துத் திரும்ப லோட் செய்த பிறகு "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று தோன்றும். அன்றைக்குத் துப்பாக்கியை மறுபடி கையில் எடுக்காமல் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.